சிலந்திகளை ஆராய்ந்த சான்றோர்

முன்னுரை

சிதம்பரத்திற்குக் கிழக்கே, கடலுக்கு அணித்தாகக் கிள்ளை என்னும் ஊர் உளது. வெள்ளாறும் கொள்ளிடமும் கடலொடு கலக்கும் இடங்களுக்கு நடுவே அமைந்த இவ்வூரை அடுத்துப் பிச்சாவரத்து உப்பங்கழிகள் பரந்து கிடக்கின்றன. கழிநீருக்கிடையே சுரபுன்னையும் கண்டலும் தில்லையும் அடர்ந்த சிறு சிறு திட்டுகள் பல உள்ளன. விடியற்காலையில் தோணி ஏறி அவ்வழியே செல்வோர், மரக்கிளைகளுக்கு இடையே கட்டப்பட்ட சிலந்தி வலைகள் பனித்துளி தாங்கி முத்துச்சரம்போல் ஒளிர்தலைக் காணலாம்.

நாற்புறமும் நீர் சூழ்ந்த ஒரு திட்டிற்குச் சிலந்தி எவ்வாறு வந்து சேர்ந்தது? அதற்குச் சிறகு இல்லை. மீனைப்போல் நீந்துதற்குத் துடுப்பும் இல்லை. இக்கேள்வி சிறு பிள்ளைகளின் விளையாட்டுக் கேள்விபோலத் தோன்றும். ஆயின், இதனை முறைப்படி ஆராயத் தொடங்கினால், தீவுகள் பிறந்த வரலாறும், நிலங்கள் இணைந்தும் பிரிந்தும் வந்த வரலாறும், உயிரினங்கள் பலவாகக் கிளைத்த வரலாறும் ஒன்றன்பின் ஒன்றாக விரியக் காண்போம். இத்தகைய ஆராய்ச்சியில் தம் இளமையைச் செலவிட்டவரும், சென்னை அருங்காட்சியகத்தை இருபது ஆண்டுகள் பேணி வளர்த்தவருமாகிய டாக்டர் கிரேவ்லி என்பாரின் வரலாற்றை இப்பாடத்தில் காண்போம்.

பிறப்பும் கல்வியும்

பிரெடரிக் ஹென்றி கிரேவ்லி இங்கிலாந்து நாட்டில் 1885-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் பிறந்தார். மான்செஸ்டர்ப் பல்கலைக்கழகத்தில் விலங்கியல் பயின்றார். இங்கிலாந்துக்கும் அயர்லாந்துக்கும் இடையிலுள்ள கடலில் மான் தீவு என்னும் சிறு தீவு ஒன்று உண்டு. அத்தீவின் போர்ட் எரின் துறைமுகத்தில் அக்காலத்தில் கடல்வாழ் உயிர்களை ஆராயும் நிலையம் ஒன்று நடைபெற்றுவந்தது. கடற்புழுக்களின் இளம் உயிரிகள் அங்குக் கடல்நீரில் மிதந்து திரியும். கண்ணுக்கு எளிதிற் புலனாகாத அவற்றை உருப்பெருக்கியின் கீழ் வைத்து ஆராய்ந்து, 1909-ஆம் ஆண்டில் அவர் ஒரு நூல் வெளியிட்டார்.

சிறியது என்று எதனையும் புறக்கணியாத மனமும், கண்டதைக் கண்டவாறே எழுதிவைக்கும் பழக்கமும் அவருக்கு அவ்விளமையிலேயே வாய்த்தன. பிற்காலத்தில் அவர் செய்த அரும்பணிகள் அனைத்திற்கும் இவ்விரண்டுமே அடிப்படையாயின எனலாம்.

கல்கத்தாவில் பணி

1909-ஆம் ஆண்டிலேயே கிரேவ்லி இந்தியாவுக்கு வந்தார். கல்கத்தா நகரிலிருந்த இந்திய அருங்காட்சியகத்தின் விலங்கியற் பகுதியில் துணைக் கண்காணிப்பாளராக அமர்ந்தார். அப்போது அவருக்கு இருபத்து நான்கு வயதும் நிரம்பவில்லை. அப்பகுதிக்குத் தலைவராக விளங்கியவர் நெல்சன் அன்னண்டேல் என்னும் பேரறிஞர். விலங்குகளை இறந்த பொருள்களாகப் புட்டிகளில் அடைத்துவைப்பதோடு நில்லாமல், அவை வாழும் இடத்திற்கே சென்று அவற்றின் இயல்பை அறிதல் வேண்டும் என்பது அன்னண்டேலின் கொள்கை. அக்கொள்கை கிரேவ்லிக்கும் உடன்பாடாயிற்று.

கிரேவ்லி காடுகளையும் மலைகளையும் நாடிச் சென்றார். 1911-ஆம் ஆண்டில் பர்மாவின் தென்பகுதியிலுள்ள டாவ்னா மலைகளில் உயிரினங்களைத் திரட்டினார். 1914-ஆம் ஆண்டில் அப்போதைய கொச்சிச் சமத்தானத்தைச் சேர்ந்த பரம்பிக்குளம் காட்டுக்குச் சென்றார். உலுத்த மரங்களைப் பிளந்தும், கற்களைப் புரட்டியும், மண்ணிலுள்ள வளைகளைத் தோண்டியும், பிறர் கண்டால் அருவருத்து விலகும் சிற்றுயிர்களை அவர் தேடினார். உலுத்த மரத்திற்குள் பெற்றோரும் குஞ்சுகளுமாகக் கூடிவாழும் ஒருவகைக் கருவண்டுகளைப்பற்றி அவர் எழுதிய பெருங்கட்டுரை 1914-இல் வெளிவந்தது. பூச்சிகள், பூரான் முதலியவை, சிலந்திகள் ஆகியவற்றின் பழக்கவழக்கங்களைத் தாம் கண்டவாறு தொகுத்து 1915-இல் வெளியிட்டார். எனினும் அவர் உள்ளத்தைப் பெரிதும் கவர்ந்தவை சிலந்தியும் தேளும் அவற்றின் உறவினங்களுமே ஆகும்.

எட்டுக்காலிகளின் குலம்

சிலந்தியைப் பூச்சி என்று கூறுதல் உலக வழக்கு. ஆயின், அறிவியல் முறையில் அது பூச்சி அன்று. பூச்சிக்கு ஆறு கால்கள் உண்டு, சிலந்திக்கு எட்டு. பூச்சியின் தலையில் உணர்கொம்புகள் உண்டு. சிலந்திக்கு அவை இல்லை. பூச்சிகளிற் பல சிறகுடையன. சிலந்திக் குலத்தில் சிறகுடையது ஒன்றேனும் இல்லை. தேள், உண்ணி முதலியனவும் இக்குலத்தைச் சேர்ந்தனவே.

இக்குலத்தில் சாட்டைத்தேள் என்னும் ஓர் உயிர் உண்டு. பார்வைக்குத் தேள்போல அஞ்சத்தக்க இடுக்கிகளை உடையது. ஆனால், அதன் வாலில் கொடுக்கு இல்லை; வால் மெல்லிய சாட்டைபோல நீண்டிருக்கும். அதற்கு நஞ்சும் இல்லை. பகை நெருங்கினால், காடியின் புளிப்பு நெடி வீசும் நீரைப் பீய்ச்சித் தன்னைக் காத்துக்கொள்ளும். எட்டுக் கால்களில் முன்னிரண்டையும் நடப்பதற்குப் பயன்படுத்தாமல், கண்ணிலார் கையிலுள்ள கோல்போல முன்னே நீட்டித் தடவி வழியறியும். பகலெல்லாம் கல்லின் அடியிலும் ஈரமண்ணிலும் பதுங்கி, இரவில் இரைதேடும். தாய் தன் குஞ்சுகளை முதுகின்மேல் சுமந்து காக்கும். முப்பது கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட நிலக்கரி அடுக்குகளிலும் இவ்வுயிரின் சுவடுகள் கிடைத்துள்ளன. நம் நாட்டில் மன்னர்கள் தோன்றுவதற்கும், இமயமலை எழுவதற்கும் நெடுங்காலம் முன்பே இது இவ்வுலகில் நடமாடியது என்பதை எண்ணுந்தோறும் வியப்பு உண்டாகின்றதன்றோ!

வகைப்படுத்தல் என்னும் கலை

ஓர் அருங்காட்சியகத்தில் ஆயிரக்கணக்கான சிலந்திகளும் தேள்களும் புட்டிகளில் வைக்கப்பட்டிருந்தால் அவற்றாற் பயன் என்ன? இன்னது இன்ன இனம், இன்ன ஊரில் கிடைத்தது, இன்னதற்கு இன்னது நெருங்கிய உறவு என்று அறிந்து முறைப்படுத்தியபோதே அவை அறிவுச் செல்வம் ஆகும். இதனையே வகைப்பாடு என்பர். இது வெறும் பெயர் சூட்டும் தொழில் அன்று. ஒரு குடும்பத்தின் வழிமுறையை வரைந்து, இவர் இன்னார்க்கு மகன், இவர் இன்னார்க்குத் தம்பி என்று காட்டுதலைப் போன்றது. ஒத்த உறுப்புகள் பொதுமுன்னோரிடமிருந்து வந்தனவா, அன்றி ஒரேவகை வாழ்க்கையால் தனித்தனியே தோன்றினவா என்று ஆய்ந்து தெளிதல் வேண்டும். இதற்குக் கூரிய கண்ணும் குன்றாத பொறுமையும் இன்றியமையாதன.

கிரேவ்லி இக்கலையில் வல்லவராயினார். வளைகளில் வாழும் பெருஞ்சிலந்திகளைப்பற்றி 1915-இலும், 1921-இலும், 1935-இலும் கட்டுரைகள் எழுதினார். ஓடிப் பாய்ந்து இரைபிடிக்கும் ஓநாய்ச் சிலந்திகளை ஆராய்ந்து 1924-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். அக்கட்டுரையில் புதிதாக விவரித்த ஒரு சிலந்திக்கு மதராசப்பட்டினத்தின் பெயரையே சூட்டினார். ஹிப்பாசா மதராசபட்டனா என்னும் அப்பெயர் இன்றும் வழங்குகின்றது. இவ்வினச் சிலந்திகள் புல்தரையில் விரிப்புப்போல வலையமைத்து, அதன் ஒருபுறத்தே புனல்போன்ற வாயிலில் காத்திருக்கும்.

சாட்டைத்தேள் கூறும் வரலாறு

1916-ஆம் ஆண்டில் கிரேவ்லி வெளியிட்ட ஒரு கட்டுரை இங்கே சிறப்பாகக் குறிப்பிடத் தக்கது. இந்தியா முதல் ஆஸ்திரேலியாவை அடுத்த தீவுகள் வரையில் வாழும் சாட்டைத்தேள்களின் படிமலர்ச்சியையும் பரவலையும் பற்றியது அக்கட்டுரை. அவற்றின் இடுக்கிகள், முன்கால்களின் கணுக்கள், ஆணுக்கும் பெண்ணுக்கும் உள்ள வேற்றுமை ஆகியவற்றை ஒப்பிட்டு, எவ்வினம் எவ்வினத்திற்கு உறவுடையது, எது எங்கே பரவியுள்ளது என்று அவர் ஆராய்ந்தார்.

இவ்வாராய்ச்சிக்குச் சாட்டைத்தேளைத் தேர்ந்தது ஏன் பொருத்தம் என்பதை நாம் உணர்தல் வேண்டும். சிலந்திகளிற் பல, குஞ்சாக இருக்கும்போது ஒரு செடியின் நுனிக்கு ஏறி, வயிற்றை உயர்த்தி, மெல்லிய இழையைக் காற்றில் விடும். காற்று அவ்விழையைத் தூக்க, குஞ்சும் உடன் பறக்கும். கிள்ளைக் கழிகளின் திட்டுகளுக்குச் சிலந்திகள் வந்து சேரும் வழிகளுள் இதுவும் ஒன்று. காற்றில் இவ்வாறு செல்லும் சிலந்திகள் கடலையும் கடக்க வல்லன. 1883-ஆம் ஆண்டில் சாவகத்தை அடுத்த கிரக்கத்தோவா என்னும் எரிமலைத் தீவு வெடித்துச் சிதறியது. அத்தீவில் எஞ்சிய பகுதி எரிமலைச் சாம்பலால் மூடப்பட்டது. மறு ஆண்டு மே மாதத்தில் அங்குச் சென்ற பிரெஞ்சு அறிஞர் ஒருவர், வலை பின்னிக்கொண்டிருந்த ஒரு சிறு சிலந்தியையன்றி வேறு உயிரினம் எதனையும் கண்டிலர். வெறும் பாறையில் முதற்குடியாக வந்து அமர்ந்தது சிலந்தியே!

சாட்டைத்தேளோ, தேளோ இவ்வாறு பறக்க மாட்டா. மண்ணை ஒட்டி வாழும் அவை பரவுவதற்கு நிலம் வேண்டும். அரிதாக மிதக்கும் மரம் உதவலாம். மனிதர் ஏற்றிச் செல்லும் சரக்கும் உதவலாம். ஆதலின், இவ்வுயிர் ஒரு தீவில் உள்ளது என்றால், அஃது எவ்வாறு வந்தது என்னும் வினா உடனே எழுகின்றது. பசிபிக் மாகடலின் நடுவே உள்ள ஹவாய்த் தீவுகள் எந்நாளும் எந்தக் கண்டத்தோடும் இணைந்திருந்தவை அல்ல. காற்றில் வந்த சிலந்திகள் அங்கே தங்கிப் புதுப்புது இனங்களாகக் கிளைத்தன. ஆனால், அத்தீவுகளுக்கே உரிய தேள் இனம் ஒன்றும் இல்லை. இன்று அங்குக் காணப்படும் தேள் கப்பற் சரக்கோடு சென்று குடியேறியதேயாம்.

இலங்கையின் நிலை வேறு. இலங்கைக்கும் நமக்கும் இடையே உள்ள பாக்குக் கடல் மிக ஆழங்குறைந்தது. ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன், உலகின் நீர் பனியாக உறைந்திருந்தபோது, கடல்மட்டம் இன்றைவிட ஏறக்குறைய 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. அப்போது இவ்விரு நாடுகளும் ஒரே நிலமாக இருந்தன. தென்னிந்தியாவில் வாழும் ஒரு சாட்டைத்தேள் இனம் இலங்கையிலும் வாழ்கின்றது. மரப்பொந்துகளில் வாழும் அழகிய வரிகளையுடைய ஒரு பெருஞ்சிலந்திப் பேரினம் உலகில் இந்தியாவிலும் இலங்கையிலும் அன்றி வேறெங்கும் இயற்கையாக இல்லை. கடல் பிரித்த உறவைச் சிலந்தி மறக்கவில்லை என்று கூறலாம்.

கிரேவ்லி எழுதிய காலத்தில் நில வரலாறு முழுதும் தெளிவாக அறியப்படவில்லை. கண்டங்கள் இடம்பெயர்கின்றன என்று ஜெர்மானிய அறிஞர் வெகெனர் 1912-ஆம் ஆண்டில் கூறினார். அறிவுலகம் அதனை 1960-ஆம் ஆண்டுகளிலேதான் பொதுவாக ஏற்றுக்கொண்டது. தென்கண்டத்திலிருந்து பிரிந்த இந்தியா, வடக்கே நகர்ந்து ஆசியாவோடு மோதியது ஏறத்தாழ ஐந்து கோடி ஆண்டுகளுக்கு முன் என்பது இன்றைய முடிபு. உயிரணுக்களிலுள்ள மரபுப்பொருளை ஒப்பிட்டு உறவறியும் முறையும் பிற்காலத்தே தோன்றியது. எனவே, அக்காலத்து விளக்கங்களும் சில பெயர்களும் இன்று மாறியுள்ளன. ஆயின், கிரேவ்லி உற்றுநோக்கி எழுதிய உறுப்பு விளக்கங்களும், ஊரும் நாளும் குறித்து அவர் சேமித்துவைத்த உயிர்களும் பயன் இழந்தன அல்ல. புதிய ஆராய்ச்சியாளர் இன்றும் அவற்றிலிருந்தே தொடங்குகின்றனர். விளக்கம் மாறலாம், உண்மையாகக் கண்ட காட்சி மாறாது.

பர்க்குடாத் தீவு

ஒரிசாக் கடற்கரையில் சில்கா என்னும் பெரிய காயல் உளது. மழைக்காலத்தில் ஆற்றுநீர் பெருகி அதன் உவர்ப்புக் குறையும். கோடையில் கடல்நீர் ஏறி உவர்ப்பு மிகும். அன்னண்டேலும் அவர்தம் துணைவர்களும் 1913-ஆம் ஆண்டு முதல் அக்காயலின் உயிரினங்களை ஆராய்ந்தனர். அதன் தென்பகுதியில், அந்நாளில் சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்த கஞ்சம் மாவட்டத்தில், பர்க்குடா என்னும் சிறு தீவு உளது. காலில்லாத அரணை இனம் ஒன்றை அங்குக் கண்டு, 1917-ஆம் ஆண்டில் அன்னண்டேல் அதற்கு அத்தீவின் பெயரையே இட்டார். ஒரு சிறு தீவில் உள்ள உயிர்கள் அனைத்தையும் இயன்றவரை கணக்கெடுத்தால், உயிர்கள் ஒன்றையொன்று சார்ந்து வாழும் முறை விளங்கும் என்று அவர் கருதினார்.

அத்தீவின் சிலந்திகளையும் தேள்களையும் ஆராயும் பொறுப்புக் கிரேவ்லியினுடையதாயிற்று. பர்க்குடாத் தீவின் சிலந்திகளும் தேள்களும் பற்றிய அவரது கட்டுரை 1921-இல் வெளிவந்தது. பெரிய நாட்டை ஆராய்வோர்க்கு எது எங்கிருந்து வந்தது என்று அறிதல் அரிது. சிறு தீவோ எல்லை தெளிந்த ஒரு வீடு போன்றது. வீட்டில் உள்ளார் யார், விருந்தாக வந்தார் யார் என்று அங்கே எளிதிற் காணலாம். அக்கணக்கு எழுதப்பட்டு நூறாண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டன. இன்று ஒருவர் அத்தீவுக்குச் சென்று சிலந்திகளை எண்ணினால், எவை எஞ்சின, எவை மறைந்தன, எவை புதியன என்று ஒப்பிட்டறிய அக்கட்டுரை துணைசெய்யும். எழுதிவைக்காத செல்வம் தொலைந்தால், தொலைந்தது என்பதும் தெரியாமற் போகுமன்றோ!

சென்னைக்கு வருகை

1920-ஆம் ஆண்டில் கிரேவ்லி சென்னை அரசாங்க அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளரானார். எழும்பூரில் உள்ள அந்நிலையம் 1851-ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது. அதனை நம் மக்கள் செத்த காலேஜ் என்று வழங்கினர். உயிரற்ற விலங்குகளைக் காட்டும் இடம் என்பது அப்பெயரின் கருத்து. அந்தச் செத்த காலேஜை உயிருள்ள கல்விக்கூடமாக்குதல் கிரேவ்லியின் குறிக்கோளாயிற்று.

அவர் காட்சிப்பொருள்களை முறைப்படுத்தினார். ஆராய்ச்சி வெளியீடுகளை வளர்த்தார். தம்முடன் பணிபுரிந்த இந்திய அறிஞர்களை ஊக்குவித்தார். சென்னை நகரிலும் அதன் சுற்றுப்புறத்திலும் பூக்கும் செடிகளைப்பற்றிப் பி. வி. மாயூரநாதன் எழுதிய நூலை அருங்காட்சியகம் 1929-இல் வெளியிட்டது. கள்ளிமுளையான் இனச் செடிகளைப்பற்றிக் கிரேவ்லியும் மாயூரநாதனும் சேர்ந்து எழுதிய நூல் 1931-இல் வெளிவந்தது. தாம் ஆய்ந்த பொருளில் தம்மொடு உழைத்தவரின் பெயரையும் தம் பெயரோடு சேர்த்துப் பொறித்தது அவரது நேர்மையைக் காட்டுகின்றது.

குருசடைத் தீவு

பாம்பனுக்கு அருகே மன்னார் வளைகுடாவில் குருசடை என்னும் சிறு தீவு உள்ளது. பவளங்களும் சங்குகளும் நண்டுகளும் கடற்புழுக்களும் நிறைந்த அத்தீவு, விலங்கியல் மாணவர்க்கு ஒரு கருவூலம் போன்றது. முதுகெலும்புடைய உயிர்களுக்கும் அஃது இல்லாத உயிர்களுக்கும் உள்ள உறவை ஆராய்வோர் போற்றும் ஏகோர்ன் புழுவும் அங்கு உண்டு. அத்தீவின் கரையோர உயிரினங்களைப்பற்றிய தொகுப்பை அருங்காட்சியகம் 1927-ஆம் ஆண்டில் வெளியிட்டது. அதிற் பல பகுதிகளைக் கிரேவ்லியே எழுதினார். மான் தீவில் கடற்புழுக்களின் இளம் உயிரிகளோடு தொடங்கிய அவரது கல்வி, தமிழ்நாட்டுத் தீவின் கடற்புழுக்களையும் நண்டுகளையும் ஆராய்வதற்குப் பயன்பட்டது.

மன்னார் வளைகுடாவில் இத்தகைய தீவுகள் 21 இருந்தன. பவளப்பாறையை வெட்டி எடுத்தமை முதலிய காரணங்களால் அவற்றுள் இரண்டு கடலில் மூழ்கின. எஞ்சியவற்றைக் காக்கும்பொருட்டு 1986-ஆம் ஆண்டில் அப்பகுதி கடல்சார் தேசியப் பூங்காவாக்கப்பட்டது. ஒரு தீவு மூழ்கினால் மண் மட்டும் மறைவதில்லை. அம்மண்ணை நம்பி வாழ்ந்த சிற்றுயிர்களும், அவற்றின் உடலில் எழுதப்பட்டிருந்த வரலாறும் உடன் மறைகின்றன. முன்னரே எழுதிவைத்த கணக்கு ஒன்றே அப்போது சான்றாக நிற்கும்.

கலைச்செல்வத்தைக் காத்தல்

விலங்கியல் அறிஞராகிய கிரேவ்லி தென்னாட்டுக் கலையிலும் ஈடுபாடு கொண்டார். சிலந்தியின் உறுப்புகளை ஒப்பிட்டு உறவறிந்த அதே கண்ணால் செப்புத் திருமேனிகளையும் நோக்கினார். திருமேனிகளின் ஆடை, அணி, நிற்கும் நிலை ஆகியவற்றில் காலந்தோறும் நேர்ந்த மாறுதல்கள் அவர் கருத்தைக் கவர்ந்தன. அருங்காட்சியகத்திலுள்ள தென்னிந்திய உலோகத் திருமேனிகளைப்பற்றி டி. என். இராமச்சந்திரன் என்னும் அறிஞரொடு சேர்ந்து அவர் இயற்றிய நூல் 1932-இல் வெளிவந்தது. கோயிற் கட்டடக்கலையின் வளர்ச்சியைச் சுருக்கமாக விளக்கி 1936-இல் மற்றொரு நூலை வெளியிட்டார்.

அருங்காட்சியகத்தில் இருந்த செப்புத் திருமேனிகள் சிலவற்றில் பச்சை நிறக் களிம்பு படர்ந்து, உலோகத்தை அரித்துவந்தது. பலநூறு ஆண்டுகள் மண்ணுக்குள் இருந்தும் அழியாதவை, வெளியே வந்தபின் அழியும் நிலையை எய்தின. இதனைத் தடுக்க வேண்டி 1930-ஆம் ஆண்டில் வேதியியல் ஆய்வுக்கூடம் ஒன்று அங்கு நிறுவப்பட்டது. எஸ். பரமசிவன் என்னும் வேதியியல் வல்லுநர் அங்குப் பணியாற்றி, மின்னாற்றலின் துணையால் அத்திருமேனிகளைத் தூய்மைசெய்தார். சோழர் காலத்துச் சிற்பியர் வார்த்தளித்த செல்வம் இவ்வாறு காக்கப்பட்டது.

இறுதிக்காலமும் புகழும்

1940-ஆம் ஆண்டில் கிரேவ்லி பணியிலிருந்து ஓய்வு பெற்றார். அவருக்குப்பின் மானிடவியல் அறிஞர் ஏ. அய்யப்பன் அப்பொறுப்பை ஏற்றார். ஓய்வு பெற்ற பின்னரும் கிரேவ்லியின் எழுத்துப்பணி நின்றிலது. சென்னைக் கடற்கரையில் ஒதுங்கும் கிளிஞ்சல்களையும் பிற உயிர்களின் எச்சங்களையும் பற்றி அவர் எழுதிய இரு பகுதிகள் 1941-இலும் 1942-இலும் வெளிவந்தன. கடற்கரைக்கு மாலையில் உலாவச் செல்லும் ஆயிரமாயிரம் பேர் காலால் மிதித்துச் செல்லும் கிளிஞ்சலையும் அவர் குனிந்து எடுத்து நோக்கினார். அதன் பயனாகத் தோன்றிய அந்நூல் கடற்கரையில் கிளிஞ்சல் பொறுக்குவோர்க்கு இன்றும் உதவுகின்றது.

கிரேவ்லி 1965-ஆம் ஆண்டில் மறைந்தார். அவர் மறைந்து அரைநூற்றாண்டு சென்றபின், 2018-ஆம் ஆண்டில், இந்தியாவில் வளைகளில் வாழும் ஒரு சிலந்திப் பேரினத்திற்கு ஆராய்ச்சியாளர் கிரேவ்லியா என்று பெயர் சூட்டினர். மன்னர்க்குச் சிலை எடுப்பர். வள்ளல்கட்குக் கல்வெட்டுப் பொறிப்பர். மண்ணுக்குள் ஒளிந்து வாழும் ஒரு சிறு சிலந்தி தம் பெயரைத் தாங்கி வாழ்தலே இவ்வறிஞர்க்கு ஏற்ற நினைவுச்சின்னம் எனலாம்.

முடிவுரை

மாணவர்களே! சிலந்தியைக் கண்டவுடன் துடைப்பத்தால் அடித்துக் கொல்வதும், தேளைப்போல் தோன்றும் எதனையும் கல்லால் நசுக்குவதும் நம்மிற் பலர்க்கு வழக்கம். நஞ்சுடையதற்கு அஞ்சி விலகுதல் அறிவுடைமையே. ஆயின், இன்னதென்று அறியாமலே அழித்தல் அறிவுடைமை ஆகாது. தீங்கற்ற சாட்டைத்தேள் நம் நாட்டின் பழைய நில வரலாற்றுக்கு ஒரு சான்று. அதனைக் காலின்கீழ் நசுக்குதல், படிக்காத ஓலைச்சுவடியைத் தீயில் இடுதல் போன்றது.

ஆராய்ச்சி என்பது தொலைநாட்டில், பெரிய கருவிகளின் துணையோடு மட்டுமே நிகழ்வதன்று. கிள்ளையை அடுத்த பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் கடல்வாழ் உயிர்களை ஆராயும் உயர்நிலையம் ஒன்றை நடத்திவருகின்றது. உங்கள் வீட்டுக் கூரையிலும், வேலியோரத்துப் புல்லிலும், உப்பங்கழித் திட்டுகளின் சுரபுன்னைக் கிளைகளிலும் சிலந்திகள் வலை பின்னுகின்றன. எந்த மரத்தில் எவ்வகை வலை உள்ளது, எந்தத் திங்களில் மிகுகின்றது, எந்தத் திட்டில் இல்லை என்று நாளும் இடமும் குறித்து ஒரு குறிப்பேட்டில் எழுதி வாருங்கள். பெரியோர் துணையின்றி நீர்நிலைகளுக்குச் செல்லாதீர். எவ்வுயிரையும் வெறுங்கையால் தொடாதீர். இன்று நீங்கள் பொறுமையோடு எழுதும் ஒரு பக்கம், நூறாண்டுகளுக்குப் பின் வருவோர்க்குப் பர்க்குடாத் தீவின் கணக்கைப்போல் பயன்படுதலும் கூடும். சிறியதை மதித்து நோக்கும் கண்ணுக்கே உலகம் தன் பெரிய வரலாற்றைக் காட்டும் என்பதை டாக்டர் கிரேவ்லியின் வாழ்க்கை நமக்கு உணர்த்துகின்றது.